சொட்டும் பெருக்கும்: பெட்ரோல் பீச்சியின் கதை

கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நம்மில் பலர் பார்த்திருப்போம். கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு குறுகிய துளை வழியே வேகமாக வெளியேறும். அதன் முன்னால் நிற்கும் சிறு குழாயின் வாயில் அழுத்தம் குறையும். டப்பாவிலுள்ள மருந்து தானே மேலேறிப் புகைபோலச் சிதறும். முடிதிருத்தும் நிலையத்தில் தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பி வேறு வகை. அங்கே விரலால் விசையை அழுத்தும்போது நீரே நேராக அழுத்தப்பட்டு நுண்துளை வழியே பீச்சியடிக்கிறது. இரண்டிலும் கிடைப்பது தூவல்தான். ஆனால் முன்னதில் காற்று திரவத்தை இழுக்கிறது. பின்னதில் நாம் திரவத்தைத் தள்ளுகிறோம். முன்னது கார்புரேட்டர். பின்னது இன்ஜெக்டர், தமிழில் பீச்சி எனலாம்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் தம் காருடன் வீட்டுக்கு வந்தார். இரண்டு லிட்டர் எஞ்சின். அதற்குப் பெரிய டர்போ ஒன்றைப் பூட்டியிருந்தார். ஒரு பட்டறையில் அவருக்கு நிமிடத்துக்கு 1000 மில்லிலிட்டர் பீச்சும் பெரிய இன்ஜெக்டர்களை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் கார் பறக்கிறதாம். சிக்னலில் நின்றால் எஞ்சின் தடுமாறி அணைந்துவிடுகிறதாம். "பெரியது இருந்தால் நல்லதுதானே சார், வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளாதா?" என்று கேட்டார். கேள்வி எளியது. ஆனால் இதற்கு விடை தேடி எஞ்சின் பொறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாக அலைந்திருக்கிறார்கள்.

பெட்ரோல் முழுவதும் எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இவ்விகிதம் அதிகம் பிசகக்கூடாது. ஆனால் எஞ்சினுக்குத் தேவைப்படும் மொத்த அளவோ பெரிதும் மாறும். சும்மா நின்று ஓடும்போது, அதாவது மெக்கானிக்குகள் ஐடிலிங் என்று சொல்லும் வெற்றோட்டத்தில், ஒரு மணிக்கு முக்கால் லிட்டர் அளவே செல்லும். அதே எஞ்சின் முழுத் திறனுடன் ஓடும்போது ஒரு மணிக்கு 40 லிட்டரைத் தாண்டும். ஐம்பது மடங்கு! ஒரே துளை இவ்விரண்டையும் பிழையின்றி அளந்து தரவேண்டும்.

ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கிய தூவல் கார்புரேட்டர் இதற்கு முதல் நல்ல விடையாகும். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியே விரையும். பெர்னெளலி தத்துவப்படி அங்கே அழுத்தம் குறையும். மிதவை அறையிலிருந்து பெட்ரோல் ஒரு நுண்ணிய ஜெட் வழியே ஏறிக் கலக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். தொண்டை பெரிதாயிருந்தால் உச்சத் திறன் நன்றாக வரும். ஆனால் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகமிராது, இழுப்பு குன்றும். தொண்டை சிறிதாயின் இதற்கு நேர்மாறு. ஆகவே வெற்றோட்டத்துக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட், திடீர் முடுக்கத்துக்கு ஒரு சிறு பம்பு என்று ஒட்டுப் போட்டுக்கொண்டே போனார்கள். மாணவரின் கேள்வி அன்றே எழுந்துவிட்டது எனலாம்.

தள்ளும் முறை முதலில் டீசல் எஞ்சினில்தான் வேரூன்றியது. அழுத்தத்தால் சூடேறிய காற்றுக்குள் எண்ணெயைச் செலுத்த அங்கே வேறு வழியில்லை. ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-இல் டீசலுக்கான பீச்சுப் பம்புகளைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது. பெட்ரோலுக்கு அம்முறையைக் கொண்டுவந்தவை விமான எஞ்சின்கள்.

1940-இல் இங்கிலாந்தின் வானில் நடந்த போரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானியரின் மெசர்ஷ்மிட் 109 விமானத்திலிருந்த டைம்லர்-பென்ஸ் டி.பி. 601 எஞ்சினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்பட்டது. ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களிலிருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் இருந்ததோ கார்புரேட்டர். ஜெர்மானிய விமானி மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்துப் பாய்ந்து தப்பினால், துரத்தும் ஸ்பிட்ஃபயர் அப்படியே பாய முடியாது. பாய்ந்தால் எடையின்மை போன்ற நிலை உண்டாகி, மிதவை அறையிலுள்ள பெட்ரோல் மேற்கூரைக்கு ஏறிவிடும். ஜெட்டுக்கு எரிபொருள் கிடைக்காமல் எஞ்சின் ஒரு கணம் திணறும். அடுத்த கணம் மிதவையின் கட்டுப்பாடு குலைந்து, பம்பு அனுப்பும் பெட்ரோல் முழுவதும் தடையின்றிப் புகுந்து எஞ்சினை மூழ்கடிக்கும். எனவே ஆங்கிலேய விமானிகள் முதலில் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டுதான் கீழே பாய்ந்தனர். அதற்குள் எதிரி எட்டாத தூரம் போயிருப்பான்.

இதற்கு உடனடித் தீர்வு கண்டவர் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பொறிஞர் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி. புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பரிசு பெற்றவர் அவர். அவர் செய்தது நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் தடுப்பு, அவ்வளவுதான். அத்துளையின் அளவில்தான் சூட்சுமம் இருந்தது: எஞ்சின் உச்சத் திறனில் எவ்வளவு பெட்ரோல் கேட்குமோ அவ்வளவு மட்டுமே அதன் வழியே செல்லும். பம்பு என்ன வேகத்தில் தள்ளினாலும் எஞ்சின் மூழ்காது. 1941 தொடக்கத்தில் இதைப் பொருத்தத் தொடங்கினார்கள். துளையைத் தேவையின் உச்சத்துக்குச் சரியாகப் பொருத்துவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. ஆனால் தலைகீழாக நெடுநேரம் பறக்கும் வசதியை அது தரவில்லை. அதற்கு வேறுவகைக் கார்புரேட்டர்கள் வரவேண்டியிருந்தது.

போருக்குப் பின் அந்த அனுபவம் சாலைக்கு இறங்கியது. 1950-களின் தொடக்கத்தில் குட்பிராட், கோலியத் என்ற இரு சிறிய ஜெர்மன் கார்களில் பெட்ரோல் பீச்சு முறை வந்தது. குட்பிராடில் அப்பணியில் ஈடுபட்டிருந்த ஹான்ஸ் ஷெரன்பெர்க் பின்னர் டைம்லர்-பென்ஸில் அதைத் தொடர்ந்தார். 1954 பிப்ரவரியில் நியூயார்க்கில் மெர்சிடஸ் 300 எஸ்.எல். காட்சிக்கு வந்தது. கதவுகள் பறவையின் சிறகுபோல மேலே திறக்கும் அக்காரின் படத்தை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அதன் மூன்று லிட்டர் எஞ்சின் ஏறத்தாழ 215 குதிரைத்திறன் தந்தது; அதே வழியில் வந்த எஞ்சின் கார்புரேட்டருடன் பெரிய மெர்சிடஸ் 300 காரில் தந்தது 115 மட்டுமே. வேறு மாற்றங்களும் செய்யப்பட்டிருந்தன என்றாலும் பீச்சு முறைக்குப் பெரும் பங்குண்டு.

அக்காருக்கு ஒரு குறையும் இருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால் பொறி மட்டுமே நிற்கும். பீச்சுப் பம்பு எஞ்சினோடு பல்சக்கரத்தால் இணைந்திருந்ததால், எஞ்சின் சுழன்று ஓயும்வரை பெட்ரோலைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். எரியாத அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்துள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே வழிந்து எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். ஓட்டப் பந்தயத்தில் இது பொருட்டன்று. தினமும் கடைக்கும் அலுவலகத்துக்கும் குறைந்த தூரம் ஓட்டி நிறுத்துபவரின் காரில்தான் எண்ணெய் சூடேறிப் பெட்ரோல் ஆவியாக நேரமிராது, எஞ்சின் தேய்ந்தது. வேண்டாத இடத்தில் விழும் சில துளிகளின் விலை இது.

இயந்திரப் பம்புக்குப் பதில் மின்சாரத்தால் வால்வைத் திறந்து மூடினால் என்ன? அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் இதை முதலில் செய்து பார்த்தது. எலெக்ட்ரோஜெக்டர் என்ற அவ்வமைப்பு 1958-ஆம் ஆண்டு மாதிரியாக கிறைஸ்லர் குழுமத்தின் ஒரு சில டஜன் கார்களில் மட்டும் வந்தது. கருத்து சரியானது, உறுப்புகள்தாம் ஈடுகொடுக்கவில்லை. வெப்பத்திலும் ஈரத்திலும் அக்காலத்து மின்தேக்கிகள் கெட்டன. பெரும்பாலான கார்களுக்குப் பின்னர் கார்புரேட்டரையே மாட்டிக் கொடுத்தார்கள். அதன் காப்புரிமைகளைப் பெற்ற போஷ் நிறுவனம், டிரான்சிஸ்டர் மலிந்த காலத்தில், டி-ஜெட்ரானிக் என்ற பெயரில் வெற்றி கண்டது. 1967-இல் அமெரிக்கச் சந்தைக்கான ஃபோக்ஸ்வாகன் 1600 கார்களில் அது வந்தது. காரணம் வேகமன்று, சட்டம். கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்தைக் குறைக்கப் போட்ட விதிகளுக்குக் கார்புரேட்டரால் ஈடுகொடுக்க இயலாது போயிற்று. 1976-இல் வோல்வோ நிறுவனம் லாம்டா உணரியைச் சேர்த்தது. புகைக்குழாயில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடித்து, கலவை கூடிற்றா குறைந்ததா என்று மின்னணுப் பெட்டிக்கு அது சொல்லும், பெட்டி திருத்தும்.

இவ்வகை இன்ஜெக்டரின் வேலை இயற்பியல் மாணவருக்கு எளிதில் விளங்கும். ஒரு வரிச்சுருள், அதனுள் சுருள்வில்லால் மூடிவைக்கப்பட்ட ஒரு ஊசி. மின்னோட்டம் பாய்ந்தால் காந்தப்புலம் ஊசியைத் தூக்கும். நிலையான அழுத்தத்தில் காத்திருக்கும் பெட்ரோல் பீச்சும். எவ்வளவு பெட்ரோல் என்பதை இங்கே துளை தீர்மானிப்பதில்லை. திறந்திருக்கும் நேரம் தீர்மானிக்கிறது. பெட்ரோலைப் படியால் அளப்பதை விட்டுக் கடிகாரத்தால் அளக்கத் தொடங்கினோம் என்று வகுப்பில் சொல்வேன்.

கடிகாரத்துக்கு இரு எல்லைகள் உண்டு. மேல் எல்லை எஞ்சினின் வேகம். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது, ஒரு சிலிண்டருக்கு இரு சுற்றுக்கு ஒருமுறை என்ற கணக்கில், ஒவ்வொரு பீச்சுக்கும் கிடைப்பது 20 மில்லி விநாடி மட்டுமே. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல், அதாவது 16 மில்லி விநாடிக்கு மேல், திறந்திருக்கும்படி வைப்பது உசிதமன்று. ஊசி மூடித் திறக்க அவகாசம் வேண்டும், பம்பின் அழுத்தம் சற்றுக் குறையும் நாளுக்குக் கையிருப்பும் வேண்டும். கீழ் எல்லையைப் பிறகு பார்ப்போம்.

சொந்தக் காரைத் தாமே திருத்தி வேகம் கூட்டும் அமெரிக்க இளைஞர்கள் இந்த மேல் எல்லையில் முட்டியது 1980-களின் பிற்பகுதியில். அவர்களுக்கு வாய்த்தது ஃபோர்டு மஸ்டாங். 1986 முதல் அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினில் கணிப்பொறி கட்டுப்படுத்தும் இன்ஜெக்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் மணிக்கு 19 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 8.6 கிலோ, பீச்ச வல்லது. பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய அரைப் பவுண்டு எரிபொருள் எடுக்கும். எட்டு இன்ஜெக்டருக்கு 152 பவுண்டு. அதில் 80 விழுக்காடு 122. அரையால் வகுத்தால் 243 குதிரைத்திறன். 1987-இல் அக்கார் தந்தது 225! தொழிற்சாலை எவ்வளவு சிக்கனமாகக் கணக்கிட்டிருக்கிறது பாருங்கள். 300 குதிரைத்திறன் வேண்டுமென்றால் 24 பவுண்டு இன்ஜெக்டர். 380 வேண்டுமென்றால் 30.

மாட்டிவிட்டால் போதுமா? பழைய கணிப்பொறிக்கு இன்ஜெக்டர் மாறியது தெரியாது, 19 என்றே நினைத்து நேரத்தைக் கணக்கிடும், பெட்ரோல் கூடிப்போகும். 1989 முதல் எல்லா மஸ்டாங்குகளிலும் உள்வரும் காற்றின் நிறையை அளக்கும் கருவி வந்தது. கடைக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 24 பவுண்டு இன்ஜெக்டருடன், காற்றை 24-க்கு 19 என்ற விகிதத்தில் குறைத்துச் சொல்லும் அளவியையும் சேர்த்து விற்றார்கள். கணிப்பொறி காற்று குறைவென்று நம்பி நேரத்தைக் குறைக்கும், பெரிய இன்ஜெக்டர் அதை ஈடுகட்டும், கலவை சரியாகிவிடும். கெட்டிக்காரத்தனந்தான். ஆனால் பொய் ஒன்றோடு நிற்பதில்லையே! பொறி எப்போது பாயவேண்டும் என்பதையும் கணிப்பொறி அதே காற்றளவைக் கொண்டுதான் முடிவு செய்கிறது. காற்று குறைவென்று நம்பினால் எஞ்சின் சுமையின்றி ஓடுவதாகக் கருதிப் பொறியை முன்கூட்டியே பாய்ச்சும். உண்மையில் சிலிண்டர் நிறைந்திருக்கும். விளைவு, நாக்கிங் எனப்படும் தட்டல். மீறினால் பிஸ்டனே சிதையும். கணிப்பொறிக்குள்ளேயே இன்ஜெக்டரின் உண்மை அளவை எழுதும் வழி பரவிய பிறகுதான் இத்தொல்லை தீர்ந்தது.

இன்ஜெக்டரை மாற்றாமல் பெட்ரோலின் அழுத்தத்தைக் கூட்டலாமே என்று கேட்கலாம். கூட்டலாம், ஆனால் துளை வழிப் பாய்வு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கே நேர்விகிதம். 3 பாரை 4 ஆக்கினால் 15 விழுக்காடுதான் கிடைக்கும். இரு மடங்கு வேண்டுமென்றால் நான்கு மடங்கு அழுத்தம். பம்பும் குழாய்களும் தாங்கா.

இனி கீழ் எல்லை. மாணவரின் தடுமாற்றம் இருப்பது இங்கேதான். வரிச்சுருளில் மின்னழுத்தம் கொடுத்ததும் ஓட்டம் உடனே உச்சத்தை எட்டுவதில்லை. தன் மின்தூண்டல் தடுக்கிறது. வில்லின் விசையையும் பெட்ரோலின் அழுத்தத்தையும் வென்று ஊசி எழ ஏறத்தாழ 1 மில்லி விநாடி ஆகும். இதனைச் செத்த நேரம் என்பர். பேட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் இது நீளும். இரவில் விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது இது வேறு, பகலில் வேறு. கணிப்பொறி இந்த நேரத்தைச் சேர்த்தே கட்டளையிடவேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சின் வெற்றோட்டத்தில் மணிக்கு 800 மில்லிலிட்டர் எடுக்கிறது, வேகம் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு 400 பீச்சு. ஒரு பீச்சுக்கு வருவது 0.0083 மில்லிலிட்டர், ஒரு சிறு மழைத்துளியைவிடப் பெரிதன்று. தொழிற்சாலை மாட்டும் 210 மில்லிலிட்டர் இன்ஜெக்டர் இதைத் தர 2.4 மில்லி விநாடி எடுக்கும். 1000 மில்லிலிட்டர் இன்ஜெக்டருக்கோ அரை மில்லி விநாடி! ஊசி எழுவதற்கு ஆகும் நேரத்தில் பாதி. ஊசி முழுதும் எழுமுன்பே இறங்கத் தொடங்கும். பீச்சும் அளவு நேரத்துக்கு நேர்விகிதமாக இராது. செத்த நேரத்தில் 0.2 மில்லி விநாடி பிழை இருந்தால், சிறிய இன்ஜெக்டரில் அது 8 விழுக்காட்டுப் பிழை, யாருக்கும் தெரியாது. பெரியதில் 40 விழுக்காடு. லாம்டா உணரி ஓரளவு திருத்தும். ஆனால் காலையில் அது சூடேறும்வரை உறங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவு பெரிய பிழையை முழுதும் திருத்தவும் அதற்கு இயலாது. கலவை கூடினால் பெட்ரோல் வாடை, கரி படிந்த பிளக், கழுவப்பட்ட சிலிண்டர் சுவர். 300 எஸ்.எல். காரின் பழைய நோய்தான்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் இதற்கு நேர்த்தியான வழி கண்டது. 1991-இல் வந்த அதன் ஆர்.எக்ஸ்.-7 காரில் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு இன்ஜெக்டர்கள்: 550 மில்லிலிட்டரில் ஒன்று, 850-இல் ஒன்று. நிதானமாக ஓடும்போது சிறியது மட்டும் வேலை செய்யும். தேவை கூடினால் பெரியது சேர்ந்துகொள்ளும். பழைய கார்புரேட்டரின் இரு ஜெட்டுகள் மறுபிறவி எடுத்தது போல.

நம் நாட்டுக்கு இம்மாற்றம் தாமதமாகவே வந்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதிக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கிய பிறகு கார்களில் இன்ஜெக்டர் விரைந்து பரவியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததும் புதிய இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தது. 2023 முதல் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதே காற்றுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் எரிபொருள் வேண்டும். 80 விழுக்காட்டில் நின்ற இன்ஜெக்டர் 86-க்கு ஏறிவிடும். திருத்திய கார்க்காரர்கள் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

மாணவரின் காருக்கு வருவோம். அவர் நாடிய திறன் 200 கிலோவாட். டர்போ எஞ்சின் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு ஏறத்தாழ 360 கிராம் எடுக்கும் எனக் கொண்டால் 72 கிலோ. ஒரு சிலிண்டருக்கு 18. பெட்ரோலின் அடர்த்தியால் வகுத்தால் நிமிடத்துக்கு 405 மில்லிலிட்டர். 80 விழுக்காட்டு வரம்பின்படி 507. எத்தனாலுக்கு 8 விழுக்காடு சேர்த்தால் 547. கடையில் கிடைக்கும் 550 போதும். "பின்னால் இன்னும் திறன் கூட்டினால்?" என்றார். அப்போது மாற்றிக்கொள்ளலாமே என்றேன். சற்று வருத்தத்துடன்தான் போனார்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். 550 மாட்டியிருக்கிறார், பேட்டரியின் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் உரிய செத்த நேரப் பட்டியலைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கிக் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறார். எண்ணெய் அளவுகோலை எடுத்து முகர்ந்தால் இப்போது பெட்ரோல் வாடை இல்லையாம். சிக்னலில் நிற்கும்போது ஏ.சி.யைப் போட்டால் மட்டும் எஞ்சின் இலேசாக நடுங்குகிறது என்றார். அதைச் சரிசெய்ய அடுத்த ஞாயிறு வருகிறார்.